ஏறச் சொல்பவருக்கு முதலில் லைசென்ஸ்

(பெங்களூரில் நடந்த கட்டடத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கூலியைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ரேஷன் அட்டையைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், குடியிருக்கும் இடத்தைப் பற்றியும் கூடிப் பேசியிருக்கிறோம். இன்றைய பேச்சு இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. காலையில் சோற்றுத் தூக்கோடு புறப்படுகிறவர் மாலையில் அதே கை கால்களோடு வீடு திரும்ப வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். ஊருக்கெல்லாம் சுவர் எழுப்புகிற நமக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் நாம். நம் பாட்டன் காலத்தில் வந்தவர்கள் உண்டு. போன மாதம் வந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. இந்த நகரத்தின் மாடிகளில் நம் கரணை படாத மாடிகள் குறைவு. ஆனால் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டால், மறுநாள் பத்திரிகையில் அவர் பெயர்கூடச் சரியாக வருவதில்லை. "தமிழ்நாட்டுக் கூலியாள்" என்று போட்டுவிட்டு, "கவனக்குறைவால் விழுந்தார்" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

யாரைக் கேட்டாலும் இப்போது ஒரே பதில்: "உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி இல்லை. பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவரை மட்டும் வேலையில் வைத்தால் விபத்து நின்றுவிடும்." இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் மனமார ஏற்கிறோம்; பயிற்சி வேண்டும் என்று நாமே கேட்கிறோம். மறைக்கப்படும் மறு பாதியையும் இன்று வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

யாருக்கு லைசென்ஸ்?

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரிடம் லைசென்ஸ் கேட்கிறார்கள். மருந்துக் கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். வீட்டுக்கு ஒயரிங் செய்கிறவர் அரசிடம் தேர்வு எழுதி அனுமதி பெற வேண்டும். இவையெல்லாம் நியாயம்தான், ஒருவர் தவறு செய்தால் இன்னொருவர் உயிர் போகும் இடத்தில் லைசென்ஸ் வேண்டும் என்பதே இவற்றின் தத்துவம். அப்படியானால் காலையில் முச்சந்திக்கு வந்து, "நீ வா, நீயும் வா" என்று முப்பது பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எட்டாவது மாடியில் ஏற்றுகிறவரிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, 20 பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று இருந்தது. 1979-இல் வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. வேறு மாநிலத்திலிருந்து 5 பேரை அழைத்து வந்தாலே கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று அது சொன்னது. அந்தச் சட்டம் ஏட்டளவில் நின்றது என்பது வேறு கதை, எழுத்திலாவது இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1970-இன் சட்டமும், 1979-இன் சட்டமும், கட்டடத் தொழிலாளருக்கென்று போராடிப் பெற்ற 1996-இன் சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. இப்போது கான்ட்ராக்டர் லைசென்ஸுக்கான எண்ணிக்கை 20 அல்ல, 50. வெளிமாநிலத் தொழிலாளர் பற்றிய பிரிவுக்கான எண்ணிக்கை 5 அல்ல, 10.

இதன் பொருள் என்ன? நம் ஊர் மேஸ்திரிகள் எத்தனை ஆள் வைத்து வேலை எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பத்து, இருபது, முப்பது. பெரிய கம்பெனி ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிறது. அவர் சப்-கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிறார். அவர் மேஸ்திரிக்குக் கொடுக்கிறார். கடைசியில் நம்மைச் சாரத்தில் ஏறச் சொல்லும் மனிதர் 50 என்ற கோட்டுக்குக் கீழே நிற்கிறார். பாதுகாப்புக் கடமைகள் 10 பேர் உள்ள இடத்துக்கும் உண்டு என்று சட்டம் சொல்கிறது; மறுக்கவில்லை. ஆனால் தவறு செய்தால் பிடுங்கிக்கொள்ள அவரிடம் ஒரு லைசென்ஸே இல்லையென்றால், அந்தக் கடமையை எதைக் காட்டி நிறைவேற்றச் சொல்வது?

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். பழைய சட்டத்தில் 500 தொழிலாளர் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். புதிய தொகுப்பில் கட்டட வேலைக்கு அது 250 ஆகியிருக்கிறது. கான்ட்ராக்டர் அழைத்து வராமல் தானாகவே பஸ் ஏறி வந்தவரையும் வெளிமாநிலத் தொழிலாளர் என்று அது ஏற்கிறது. வேலைக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. இவற்றைப் பயன்படுத்திக்கொள்வோம். ஆனால் பாதுகாப்பு அதிகாரி நிற்கும் பெரிய சைட்டில் நம்மில் எத்தனை பேர் வேலை செய்கிறோம்? மூன்று மாடி, நான்கு மாடி வீடுகளில்தான் நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம். 2024 அக்டோபர் 22 அன்று இதே பெங்களூரில், பாபுசாபாளையாவில், மழையின் நடுவே கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்து தொழிலாளர்கள் புதைந்தார்களே, அங்கே அனுமதியில்லாமல் மாடிகளை எழுப்பியிருந்தார்கள் என்று அதிகாரிகளே பிறகு சொன்னார்கள். மாடி எண்ணத் தெரிந்த அதிகாரிக்கு அதை முன்பே எண்ணத் தெரியாமல் போனது ஏன்?

பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா?

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். நாம் இங்கே வந்திருப்பதுபோல அவர்கள் நம் ஊருக்கு வந்தவர்கள். அந்த 61 பேரும் எத்தனை நாள் பயிற்சி பெற்றிருந்தாலும், இடுப்பில் எந்தப் பெல்ட் கட்டியிருந்தாலும், கட்டடமே காலடியில் சரியும்போது என்ன செய்திருக்க முடியும்?

2023 ஆகஸ்ட் 1 அன்று மகாராஷ்டிரத்தில், தானே மாவட்டம் சகாபூர் அருகே, சம்ருத்தி விரைவுச்சாலைப் பாலத்துக்குத் தூண் மேல் உத்தரம் வைக்கும் ராட்சத இயந்திரம் சரிந்து 20 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தார்கள். அங்கே நின்றவர்கள் வேலை தெரியாத ஆட்கள் அல்லர். தொழிலறிவு உள்ளவர்கள், பெரிய வேலைகள் பார்த்தவர்கள்.

ஆகவே தோழர்களே, "தொழிலாளிக்குப் பயிற்சி இல்லை" என்பது சில சாவுகளுக்குக் காரணமாக இருக்கலாம். எல்லாச் சாவுக்கும் அதையே காரணமாகக் காட்டுவது, மேலே இருப்பவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி. வரைபடம் போட்டவர், அனுமதி கொடுத்தவர், மண்ணைச் சோதிக்காமல் அஸ்திவாரம் போடச் சொன்னவர், நாள் கணக்கைக் குறைத்து "சீக்கிரம் பிரி" என்று விரட்டியவர் ஆகிய இவர்களின் லைசென்ஸை முதலில் பார்ப்போம். சித்தாளின் சான்றிதழைப் பிறகு பார்க்கலாம்.

அட்டை வேறு, பயிற்சி வேறு

நம்மில் பலரிடம் லேபர் கார்டு இருக்கிறது. அதை லைசென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அந்த அட்டை எப்படி வந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-இல் கட்டடத் தொழிலாளருக்கு நலவாரியம் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று, நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் ஓர் இயக்கம் 1980-களில் நடந்தது. நாடெங்கும் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் அதில் சேர்ந்து நின்றன. அந்த இடைவிடாத முயற்சியின் பலன்தான் 1996-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியாக வாங்கித் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்ற ஏற்பாடும் அதோடு வந்தது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர், முந்திய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். இந்த ஏற்பாடு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

அட்டையை எல்லோரும் எடுங்கள். புதுப்பிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். பிள்ளையின் படிப்புக்கும் பிரசவத்துக்கும் மருத்துவத்துக்கும் அது உதவும். ஆனால் அந்த அட்டை நீங்கள் ஏறும் சாரம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்காது. நாம் விழுந்த பிறகு வீட்டுக்குப் பணம் கொண்டுவருவது அட்டை. விழாமல் காப்பது பயிற்சியும் மேற்பார்வையும். கரணை பிடித்தே அறியாதவர்கள் போலி அட்டை வாங்கிப் பலன் அனுபவித்ததும், கர்நாடக அரசே அத்தகைய அட்டைகளைத் தேடி ரத்து செய்ததும் நமக்குத் தெரியும். அட்டை கையில் இருப்பதாலேயே ஒருவர் தொழில் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். அட்டை இல்லாததாலேயே ஒருவர் தொழில் தெரியாதவரும் ஆகிவிடமாட்டார்.

பயிற்சிக்குப் பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பத்துக் கோடி ரூபாயில் ஒரு கட்டடம் எழுந்தால் அதில் பத்து லட்சம் ரூபாய் நம் நிதிக்கு வர வேண்டும். 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர்கள் மதன் லோக்கூர், தீபக் குப்தா இருவரும் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். நாடு முழுவதும் இந்த வரியாக 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருந்தது. செலவானது சுமார் 9,500 கோடி. நாலில் ஒரு பங்குதான் உழைத்தவர் பக்கம் திரும்பியது. நீதிமன்றமே வேதனைப்பட்ட கணக்கு இது.

எந்தப் பயிற்சி?

பயிற்சி என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு மஞ்சள் தொப்பியைத் தலையில் வைத்து, ஒரு பேனர் முன்னால் நிற்க வைத்து, போட்டோ எடுத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போவதைப் பயிற்சி என்று நாம் ஏற்பதற்கில்லை. கற்றுக்கொடுப்பதானால் இவற்றைக் கற்றுக்கொடுக்கட்டும்.

சாரம்: சவுக்குக் கட்டையானாலும் இரும்புக் குழாயானாலும் அடியில் எதன் மேல் நிற்கிறது? பலகை மேலா, குழைந்த மண் மேலா? சுவரோடு எத்தனை இடத்தில் கட்டியிருக்கிறது? நிற்கும் பலகை இரண்டு முனையிலும் கட்டப்பட்டிருக்கிறதா? வெளிப்பக்கம் இடுப்புயரத்துக்குக் கம்பு உண்டா? பொறுப்பான ஒருவரின் மேற்பார்வையில்தான் சாரம் கட்டவும் பிரிக்கவும் வேண்டும் என்று 1998-இன் மத்திய விதிகளே சொல்லின. அந்தப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால் சைட்டில் காட்ட முடியுமா?

சென்ட்ரிங்: முட்டுகளைப் பிரிக்கும் நாளைப் பணம் போட்டவரின் அவசரம் முடிவு செய்யக்கூடாது. அதற்குக் கணக்கு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இந்தியத் தரவிதி 456, சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்குச் சொன்ன கணக்கு இது: நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளுக்கு முன் பிரிக்கக்கூடாது, அதற்கு மேற்பட்டால் 14 நாள். ஆறு மீட்டர் வரையுள்ள உத்தரத்துக்கு 14 நாள்; அதற்கு மேல் 21 நாள். இதுவும் ஒழுங்காகத் தண்ணீர் பிடித்திருந்தால்தான். வேறு வகைச் சிமென்டானால் எஞ்சினியர் நாள் கணக்கை மாற்றிச் சொல்ல வேண்டும். இந்த நான்கு எண்களும் ஒவ்வொரு சென்ட்ரிங் தொழிலாளிக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். மேஸ்திரி மூன்றாம் நாளே முட்டை எடுக்கச் சொன்னால் "கணக்கு ஏழு" என்று சொல்லும் துணிவை அந்த எண்தான் கொடுக்கும்.

பெல்ட்: இடுப்பில் கட்டியிருந்தால் போதாது, அதன் கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்பதே முக்கியம். ஆடுகிற சாரக் கட்டையிலேயே மாட்டினால் சாரத்தோடு நாமும் விழுவோம். உறுதியான கம்பியில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்ட வேண்டும்.

மின்சாரம்: ஈரத் தரையில் கிடக்கும் ஒயர், பிளக் இல்லாமல் சொருகிய முனை, எர்த் இல்லாத மிக்சர் மெஷின் ஆகிய மூன்றும் எமன்கள். கசிந்த கரண்டை நொடியில் துண்டிக்கும் கருவி இல்லாத சைட்டில் மெஷினைத் தொடக்கூடாது.

பள்ளம்: ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினால் பக்கச் சுவருக்குத் தடுப்பு வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கக்கூடாது. லிப்டுக்கு விட்ட குழியும் தளத்தில் விட்ட ஓட்டையும் மூடாமல் கிடந்தால், அன்று வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இவற்றைக் கற்க ஒரு வருடம் வேண்டாம். ஒழுங்காகச் சொன்னால் சில நாட்களில் கற்கலாம். ஆனால் நமக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இங்கே ஒரு செய்தியை எண்ணிப் பாருங்கள். நம் புதுக்கோட்டைப் பையன், சிவகங்கைப் பையன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். அங்கே பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து தேற வேண்டும் என்பது கட்டாயம். அந்த வகுப்பு தமிழிலும் நடக்கிறது. வங்காளியிலும் சீனத்திலும் நடக்கிறது. கடல் கடந்தவனுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க அந்த நாட்டுக்கு முடிகிறது. ஓசூரைத் தாண்டி வந்தவனுக்கு, அவன் சொந்த நாட்டில், அது ஏன் முடியவில்லை?

சான்றிதழ் நம் கழுத்துக்குச் சுருக்காகக் கூடாது

இன்னோர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அது புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. தொழிலாளி குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினாலோ ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டியதில்லை. உயிர் போனாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலோ இந்தச் சாக்குச் செல்லாது. ஆனால் கால் முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடப்பவர் விஷயத்தில் இதைக் காட்டலாம்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். அரை மணி நேரம் புரியாத மொழியில் ஒரு பேச்சு. அதற்குக் கீழே நம் கையெழுத்து. நாளை விழுந்தால், "இவருக்குப் பயிற்சி கொடுத்தோம், இதோ கையெழுத்து, சொன்னதை மீறினார்" என்று அதையே நீட்டமாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது? பெல்ட் கொடுத்து, கொக்கி மாட்ட இடம் கொடுக்காதவர்கூட "பெல்ட் கொடுத்தோம்" என்று எழுதிவைத்திருப்பார். எனவே புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெற்றுக்கொண்ட சாமானுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள், தமிழிலேயே போடுங்கள்.

தொழிலாளிக்கு லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டால் நம் பதில் இது. கிரேன் ஓட்டுபவருக்கும், மின்வேலை செய்பவருக்கும், உயர்ந்த சாரம் கட்டிப் பிரிப்பவருக்கும் லைசென்ஸ் இருக்கட்டும். அவர்கள் தவறினால் மற்றவர் உயிர் போகும். மற்ற எல்லோருக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். லைசென்ஸை வேலைக்குத் தடையாக்காதீர்கள். முப்பது வருடம் தூக்குக்குண்டு பிடித்த கொத்தனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காகக் கேட்டிலேயே நிறுத்திவிடக்கூடாது. அவர் கையைச் சோதியுங்கள். பேனாவைச் சோதிக்க வேண்டாம். லைசென்ஸ் தரும் மேஜையில் தரகர் வந்து உட்கார்ந்துவிட்டால், ஏழைக்கு அது இன்னொரு செலவு மட்டுமே.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தாளாக வந்த பெண் இருபது வருடம் கழித்தும் சித்தாளாகவே இருக்கிறாள். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கரணையை மட்டும் அவள் கையில் யாரும் கொடுப்பதில்லை. பயிற்சி வகுப்பு வரும்போது முதல் வரிசையில் அவள் உட்கார வேண்டும். அவள் உட்கார வேண்டுமானால் வகுப்பு கூலி நேரத்தில் நடக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் ஆளும் இருக்க வேண்டும். மாலையில் வகுப்பு வைத்தால் அடுப்பை யார் மூட்டுவது?

இறங்கும் உரிமை

பயிற்சியின் கடைசிப் பாடம் ஒன்று உண்டு. "இந்தச் சாரத்தில் ஏறமாட்டேன்" என்று சொல்வதே அது. அதைச் சொல்ல முடியாவிட்டால் முன் படித்த பாடமெல்லாம் வீண். சாரம் ஆடுகிறது என்று தெரிந்தும் ஏறுகிறவர் தெரியாமல் ஏறவில்லை. நாளைக்கு வேலை இல்லாமல் போய்விடுமே, ஊருக்குப் பணம் அனுப்ப முடியாதே, வாங்கிய முன்பணம் கழியாதே என்று ஏறுகிறார். அறியாமைக்கு மருந்து வகுப்பு. அச்சத்துக்கு மருந்து வகுப்பில் இல்லை, சங்கத்தில் இருக்கிறது.

1988-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டட வேலைக்கென்று 167-ஆம் உடன்படிக்கையை உருவாக்கியது. உடனடியான பெரும் ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், அந்த இடத்தைவிட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. நம் நாட்டின் புதிய தொகுப்பு, ஆபத்து வரும் என்று அஞ்சினால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்கிறது. முதலாளி ஒப்பாவிட்டால் ஆய்வாளர் சொல்வதே முடிவு என்கிறது. தெரிவிக்கலாம், சரி. ஆய்வாளர் வந்து சேரும்வரை நாம் எங்கே நிற்பது? சாரத்திலா, தரையிலா? தரையில்தான் என்றும், அன்றைய கூலி வெட்டப்படாது என்றும் சட்டத்தில் பச்சையாக எழுத வேண்டும். அதை எழுதவைப்பது நம் இயக்கத்தின் வேலை.

ஆகவே இந்தக் கூட்டம் கேட்பவை இவை.

ஒன்று: உயரத்திலோ பள்ளத்திலோ ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொருவருக்கும், எண்ணிக்கை பத்தானாலும் ஐம்பதானாலும், லைசென்ஸ் வேண்டும். அதன் எண் சைட்டின் வாசற்பலகையில் எழுதப்பட வேண்டும். அலட்சியத்தால் உயிர் போனால் அது ரத்தாக வேண்டும்.

இரண்டு: நலவாரிய நிதியிலிருந்து, கூலியோடு கூடிய வேலை நேரத்தில், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் பயிற்சி வேண்டும்.

மூன்று: சான்றிதழ் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும், எல்லா மாநிலத்திலும் செல்ல வேண்டும், நஷ்டஈட்டை மறுக்க அது சாட்சியாகக்கூடாது.

நான்கு: ஆபத்தைக் கண்டு இறங்கியவருக்கு அன்றைய கூலியும் மறுநாள் வேலையும் உறுதி.

இவை கிடைக்கும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் இன்றே செய்யக்கூடியவை உண்டு. வேலைக்குப் போகும் சைட்டின் முகவரியையும், மேஸ்திரி, கான்ட்ராக்டர், உடமைக்காரர் பெயர்களையும் வீட்டில் எழுதிவைத்துப் போங்கள். அட்டை இல்லாதவர் சங்கத்துக்கு வாருங்கள். 90 நாள் வேலைக்கான சான்று பெற உதவுகிறோம். குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறாதீர்கள். அது உயிரையும் எடுக்கும், குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்துக்கும் வழக்காகும். புதிதாக வந்த பையனை முதல் நாளே உயரத்துக்கு அனுப்பினால், கூட இருக்கும் மூத்தவர் தடுக்க வேண்டும். அவன் எந்த ஊர்ப் பையனாக இருந்தாலும் தடுக்க வேண்டும்.

ஏனென்றால் இன்று நம்மோடு சாரத்தில் நிற்பவர்கள் தமிழர் மட்டுமல்லர். ராய்ச்சூரிலிருந்தும் யாத்கிரியிலிருந்தும் வந்த கன்னடத் தோழர்கள், பீகார், ஒடிசா, வங்காளத்துத் தோழர்கள் எல்லோரும் ஒரே பலகையில் நிற்கிறோம். பலகை முறிந்தால் யார் எந்த மொழி பேசுகிறார் என்று அது பார்க்காது. "இவன் கூலியைக் குறைக்க வந்தவன்" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால், கம்பு கட்டாத சாரத்தைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. "நிறுத்து", "இறங்கு", "கரண்ட்" என்ற சொற்களையாவது ஒவ்வொருவர் மொழியிலும் கற்றுக்கொள்வோம். அதுவே நாம் நமக்கு நடத்திக்கொள்ளும் முதல் பயிற்சி வகுப்பாக இருக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் சைட்டைப் பற்றி மூன்று விவரம் கொண்டுவாருங்கள்: சாரத்துக்கு வெளிக்கம்பு உண்டா, முட்டு எத்தனை நாளில் பிரிக்கிறார்கள், ஏறச் சொல்பவரிடம் லைசென்ஸ் உண்டா. அவற்றைத் தொகுத்து, பெயரும் இடமும் குறித்து, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்போம். கொடுத்துவிட்டுப் பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போவோம்.

நம்மிடம் லைசென்ஸ் கேட்கிறார்கள், கேட்கட்டும். நம்மை ஏறச் சொல்பவரிடம் நாமும் கேட்போம்.